அடக்கம் செய்ய வேண்டியவனே கிரியோன்தான்

ஆசிரியருக்கு வணக்கம்.

கிரேக்கத் துன்பியல் நாடகங்கள் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். சோபாக்ளிஸின் 'ஆன்டிகனி'யை ஒரு பக்கம் குடும்பம், மறுபக்கம் அரசு என்று இரண்டாகப் பிரித்திருந்தார் கட்டுரையாளர். பலரும் இப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் நாடகத்தில் அந்தக் கோடு அவ்வளவு நேராக ஓடவில்லை.

தீப்ஸ் நகரத்தின் அரசன் கிரியோன் யார்? நாடகத்தின் நாயகி ஆன்டிகனிக்குத் தாய்மாமன். அவன் மகன் ஹெமோனுக்குத்தான் அவளை நிச்சயித்திருக்கிறார்கள். அப்பா ஈடிபஸ் இல்லை, அம்மா இல்லை, சகோதரர்கள் இருவரும் ஒருவரையொருவர் கொன்று மாண்டுவிட்டார்கள், மிச்சமிருக்கும் நெருங்கிய ஆண் உறவு கிரியோன்தான் எனும்போது, அந்தச் சகோதரர்களில் சொந்த நகரத்தின் மீதே படையெடுத்து வந்த பாலிநைசிஸை அடக்கம் செய்யும் கடமை யாருடையது? துரோகியை யாரும் புதைக்கக் கூடாது என்று தன் கடமையை அவனே சட்டம் போட்டுத் தடுத்துவிட்டதால்தான் ஒரு பெண் தனியாகப் போய்ப் பிணத்தின் மேல் மண்ணைத் தூவ வேண்டியிருக்கிறது. மோதல் அவன் வீட்டுக்குள்ளேயேதான் நடக்கிறது.

அதற்காக அவனைக் கொடுங்கோலன் என்று ஒரே சொல்லில் முடித்துவிடவும் முடியாது. நாட்டைவிட நண்பனைப் பெரிதாக நினைப்பவனை மதிக்க மாட்டேன் என்று அவன் தொடக்கத்தில் பேசுவதை, கி.மு. 343இல் புகழ்பெற்ற பேச்சாளர் டெமோஸ்தனிஸ் ஏதென்ஸ் நீதிமன்றத்தில் நல்ல அரசியல் நெறியாகவே எடுத்துக்காட்டினார். துரோகிகளைத் தங்கள் மண்ணில் புதைக்க ஏதென்சிலும் தடை இருந்தது. ஆனால் எல்லைக்கு வெளியே கொண்டுபோய்ப் புதைக்கலாம். கிரியோன் அதற்கும் வழி விடாமல் உடலை நாய்க்கும் பறவைக்கும் போட்டான், அங்கேதான் அவன் வரம்பை மீறினான் என்று நினைக்கிறேன். ஒரே மனிதனுக்குச் சொந்தமானது நகரமே அல்ல என்று பெற்ற மகனே முகத்துக்கு நேராகச் சொல்லியும் அவன் இறங்கி வரவில்லை.

கட்டுரையில் ஒரு வரிகூட இடம்பெறாத இடம் ஒன்று உண்டு, எனக்கு அதுதான் மிகப் பெரிய வருத்தம். குருட்டுத் தீர்க்கதரிசி டைரீசியஸ் எச்சரித்த பிறகு கிரியோன் பயந்துபோய் என்ன செய்யலாம் என்று கேட்கிறான். சட்டத்தை மீறியதற்காகக் குகையில் அடைத்த ஆன்டிகனியை முதலில் விடுவி, அப்புறம் இறந்தவனுக்குக் கல்லறை எழுப்பு என்கிறார்கள் நகரத்து முதியவர்கள். அவனோ முதலில் பாலிநைசிஸின் உடலுக்குச் சடங்கு செய்து முடித்துவிட்டுத்தான் குகைக்குப் போகிறான். அதற்குள் அவள் தூக்கிட்டுக்கொண்டாள். ஹெமோன் அவள் அருகிலேயே வாளால் குத்திக்கொண்டு சாகிறான், சேதி கேட்டு அவன் தாயும் உயிரை விடுகிறாள். தாய்மாமனாகச் செய்ய வேண்டியதைக் கிரியோன் கடைசியில் செய்யத்தான் செய்தான், ஆனால் உயிரோடு இருந்தவளை விட்டுவிட்டு.

இந்த நாடகத்தை மாணவர்களும் படிக்கிறார்கள் என்பதால், அடுத்த முறை எழுதும்போது இந்தப் பகுதியையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்