பட்டம் இல்லாதவர்க்கும் நிர்வாகச் சான்றிதழ் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவைத் தலைமையிடமாகக் கொண்ட நிர்வாகப் பணியாளர் சங்கமொன்று நடத்தும் சி.ஏ.பி. (சான்று பெற்ற நிர்வாகப் பணியாளர்) சான்றிதழ்த் தேர்வைக் கல்லூரிப் பட்டம் இல்லாதவரும் 4 ஆண்டு அலுவலக அனுபவத்தைக் காட்டி எழுதலாம். இளநிலைப் பட்டதாரிக்கு 2 ஆண்டு போதும். அனுபவத்தைப் படிப்புக்கு ஈடாக ஏற்கும் இம்முறை நம் கடற்கரைக்கு மிகவும் தேவை.

பாம்பன், மண்டபம், தொண்டிப் பகுதி மீன் கம்பெனிகளில், விடியற்காலையில் நனைந்து வரும் எடைச்சீட்டுகளைப் பிரித்துப் பேரேட்டில் ஏற்றுவது முதல் ஐஸ் கணக்கு, டீசல் பில், வங்கி வேலை வரை பார்க்கும் பெண்கள் பலர், பள்ளிப் படிப்போடு நின்றவர்கள் என்பதற்காகவே வேறு அலுவலகங்களில் நேர்காணலுக்குக்கூட அழைக்கப்படுவதில்லை. இது பெரும் அநியாயம். குரூப் 4 இளநிலை உதவியாளர் பணிக்கே அரசு பத்தாம் வகுப்புத் தேர்ச்சியைத்தானே கேட்கிறது?

தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகம் இத்தகையோருக்கான அலுவலக நிர்வாகத் தேர்வை ராமநாதபுரத்திலேயே நடத்தி, அவர்கள் எழுதிய பேரேடுகளையும் அனுபவச் சான்றாக ஏற்க வேண்டும்.

இப்படிக்கு,
மீன் கம்பெனிக் கணக்கர்,
தங்கச்சிமடம்.