அண்ணாச்சியின் கேஸ் கட்டுகளை நீயே எடுத்துக்கொள்

அன்புள்ள தம்பிக்கு,

வக்கீல் அண்ணாச்சி காலமான பிறகு, அவருடைய ஜூனியரான நீ அவருடைய கேஸ் கட்டுகளைக் கட்சிக்காரர்களிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, தூத்துக்குடியில் உன் மாமா பார்த்து வைத்திருக்கும் கம்பெனி வேலையில் சேரப் போகிறாய் என்று கேள்விப்பட்டேன். “அவர் மாதிரி எனக்குப் பேச வராது” என்று கோர்ட்டில் வக்கீல்கள் கூடும் பார் ரூமில் சொன்னாயாம். அதைக் கேட்டதிலிருந்து மனம் ஆறவில்லை. நேரில் சொன்னால் நீ தலையைக் குனிந்துகொண்டு “சரி அக்கா” என்று சொல்லிவிட்டுப் போய்விடுவாய். அதனால் எழுதுகிறேன். அவரை அறிந்தவர்கள் எல்லோரும் படிக்கட்டும் என்று பொதுவிலேயே எழுதுகிறேன்.

எனக்கும் அவருக்கும் இருந்த உறவு உனக்குத் தெரியும். மும்பை தோபி தலாவில், வாடகை வழக்குகள் நடக்கும் ஸ்மால் காசஸ் கோர்ட்டில் அவர் குடித்தனக்காரர்கள் பக்கம். நான் பெரும்பாலும் கட்டட உரிமையாளர்கள் பக்கம். ஒரு வக்கீலைப் பற்றி அவருடைய வீட்டாருக்குக்கூடத் தெரியாத சில விஷயங்கள் எதிர்த்தரப்பு வக்கீலுக்குத் தெரியும். காகிதத்தை மறைப்பவரா, வாய்மொழியாக ஒப்புக்கொண்டதை நீதிபதி முன்னால் மாற்றிப் பேசுபவரா என்பதெல்லாம் எங்களுக்குத்தான் முதலில் தெரியவரும். அண்ணாச்சியிடம் அப்படி ஒரு நாளும் நடந்ததில்லை. என் அம்மா தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த சமயம், ஒரு வழக்கில் நான் ஆஜராகவில்லை. யாருக்கும் சொல்லவும் இல்லை. அவர் நினைத்திருந்தால் அன்றைக்கே தனக்குச் சாதகமாக ஓர் உத்தரவு வாங்கியிருக்கலாம். எழுந்து நின்று, “எதிர்த்தரப்பு வக்கீல் வராமல் இருக்கமாட்டார், ஏதோ நடந்திருக்கிறது, வாய்தா கொடுங்கள்” என்று எனக்காக அவரே கேட்டிருக்கிறார். சாயங்காலம் சயானிலிருந்து பஸ் பிடித்து மருத்துவமனைக்கும் வந்துவிட்டார், கையில் ஒரு பிளாஸ்க் காபியோடு. “உங்கள் கட்சிக்காரரிடம் சொல்லிவிடாதீர்கள், அப்புறம் அவர் என்னையே வக்கீலாக வைத்துக்கொள்வார்” என்றார். அம்மா படுத்திருந்த அறைக்கு வெளியே நின்றுகொண்டு நான் அன்றுதான் முதல்முறையாகச் சிரித்தேன்.

தாராவி 90 அடி ரோட்டுப் பக்கம் நடந்த இரங்கல் கூட்டத்தில் நீ வாசலில் நின்று வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாய். உள்ளே பேசியதை முழுவதும் கேட்டிருக்கமாட்டாய். அதில் சிலவற்றை நீ அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்.

கோர்ட் பெய்லிஃப் ஒருவர் பேசினார். மராத்திக்காரர். தமிழில் “அண்ணாச்சி” என்ற ஒரே சொல்லைச் சொல்லிவிட்டு மற்றதையெல்லாம் மராத்தியில் சொன்னார். வீட்டைக் காலி செய்யச் சொல்லி வாரண்டோடு போகிற இடத்திலெல்லாம் வசவுதான் கிடைக்குமாம். அண்ணாச்சியின் கட்சிக்காரர் வீட்டுக்குப் போனபோது மட்டும் வாசலில் நாற்காலி போட்டிருந்ததாம். “வெயிலில் வந்திருக்கிறார், முதலில் மோர் கொடுங்கள். அவர் மோரைக் குடித்து முடிப்பதற்குள் மேல்கோர்ட்டின் தடை உத்தரவு நகல் வந்துவிடும்” என்றாராம் அண்ணாச்சி. வந்துவிட்டதாம். பெய்லிஃப் அதைச் சொல்லி முடிக்கும்போது கூட்டமே சிரித்தது. அவர் மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

தோல் பதனிடும் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் வந்திருந்தார். “வழக்கு எப்போது முடியும்?” என்று அவர் கேட்டதற்கு அண்ணாச்சி, “பேரன் என்ன படிக்கிறான்?” என்று திருப்பிக் கேட்டாராம். ஆறாவது என்றதும், “சட்டம் படிக்க வையுங்கள், பாதியில் வந்து சேர்ந்துகொள்ளட்டும்” என்றாராம். இதை ஒரு வேடிக்கையாகத்தான் எல்லோரும் ரசித்தார்கள். அந்தப் பெரியவர் அதற்கு அடுத்துச் சொன்னதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. சிரித்து முடித்ததும் அண்ணாச்சி ஒரு தாளை எடுத்து, வழக்கில் இன்னும் என்னென்ன கட்டங்கள் பாக்கி இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் எதனால் தாமதமாகும் என்று வரிசையாக எழுதிக் காட்டினாராம். “அதுவரை எந்த வக்கீலும் என்னிடம் நிஜத்தைச் சொன்னதில்லை” என்றார் பெரியவர்.

தம்பி, இதைத்தான் நீ கவனிக்க வேண்டும். அவருடைய சிரிப்பு பயத்தை விலக்குவதற்கு. பயம் விலகிய பிறகு அவர் செய்தது முழுக்க முழுக்கக் காகித வேலை. அந்த வேலை உனக்கு வரும். நான் பார்த்திருக்கிறேன்.

சம்மன் ஆச்சியின் கதையை உனக்கு அவர் சொல்லியிருப்பாரா என்று தெரியவில்லை. நீ சேர்வதற்கு முன்னால் நடந்தது. மாட்டுங்கா லேபர் கேம்ப் பக்கம் ஒரு சாலில், அதாவது வரிசை அறைகள் கொண்ட வாடகைக் குடியிருப்பில், இட்லி அவித்துக் கொடுத்துப் பிழைத்துவந்த ஆச்சி. வாடகை பாக்கி. உரிமையாளருக்காக வழக்குப் போட்டது நான்தான். கோர்ட்டிலிருந்து வந்த காகிதத்தைப் பார்த்துப் பயந்துபோன ஆச்சி, அதை முருகன் படத்துக்குப் பின்னால் செருகி வைத்துவிட்டு வேலையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1999-இன் 15-ஆம் பிரிவு உனக்குத் தெரியும். சம்மன் கிடைத்த நாளிலிருந்து 90 நாட்களுக்குள் பாக்கி வாடகையை 15 சதவீத வட்டியோடு கட்டி, தொடர்ந்து வாடகையும் செலுத்திவந்தால், பாக்கியைக் காரணம் காட்டி வெளியேற்றும் தீர்ப்பைக் கோர்ட் கொடுக்க முடியாது. கெடு முடிய நான்கைந்து நாட்கள் இருக்கும்போது, வேறு ஏதோ வேலையாக அந்தச் சாலுக்குப் போன அண்ணாச்சியின் கண்ணில் படத்துக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருந்த காகிதம் பட்டிருக்கிறது. எடுத்துப் படித்துவிட்டு, “ஆச்சி, முருகனுக்கு வக்காலத்து போட்டுக் கொடுத்தீர்களா? வக்காலத்து இல்லாமல் அவர் எப்படி ஆஜராவார்?” என்று கேட்டாராம். ஆச்சி சிரித்த பிறகுதான் பாக்கி எவ்வளவு என்ற கணக்கையே வாய்விட்டுச் சொன்னாராம். மறுநாளே அந்தத் தெருவில் நாலு பேரிடம் வாங்கிப் பணம் சேர்ந்தது. கெடுவுக்குள் கோர்ட்டில் கட்டியும் விட்டார்கள். என் வழக்கு அத்தோடு படுத்துவிட்டது. அன்று வராந்தாவில் அவர் என்னிடம், “உங்கள் பக்கம் ஒரு வக்கீல்தான், எங்கள் பக்கம் ஆறு முகம்” என்றார்.

அதன்பிறகு தமிழர்கள் குடியிருக்கும் சால்களுக்கெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் போய், கோர்ட் காகிதம் வந்தால் ஒளித்துவைக்காதீர்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். யாரும் கேட்டுச் செய்ததல்ல.

இன்னொன்று, பெயர்த் தகராறு. குடிசை மாற்றுத் திட்டத்தில் இலவசமாக வீடு வேண்டுமென்றால், முதலில் 1995 ஜனவரி 1, பிறகு 2000 ஜனவரி 1 என்று வைத்த தேதிக்கு முன்பிருந்தே குடியிருந்ததைக் காகிதத்தில் காட்ட வேண்டும். நம் ஆட்களிடம் காகிதம் இருக்கும், பெயர்தான் ஒத்துப்போகாது. குடும்பப் பெயர் இல்லாத நமக்கு இந்த ஊர்ப் படிவத்தில் மூன்று கட்டம். ரேஷன் கார்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக ஏறியிருக்கும். வாக்காளர் பட்டியலில் சொந்த ஊர்ப் பெயர் அந்த இடத்தில் இருக்கும். மின்சார பில்லில் இன்ஷியல் பெயரோடு ஒட்டி வேறு யாரோ ஆகியிருக்கும். அதிகாரி முன்னால் அண்ணாச்சி, “ஐயா, ஆள் ஒருவர்தான், எழுதியவர்கள்தான் மூன்று பேர்” என்பார். அதிகாரி சிரிப்பார். உடனே மேசையில் பிரமாணப் பத்திரம், பள்ளிச் சான்றிதழ், பக்கத்து வீட்டாரின் சாட்சியம் எல்லாம் வரிசையாக வந்து விழும். அந்தக் கட்டுகளைத் தயார் செய்தது யார்? கடைசி சில வருடங்களாக நீதானே!

உயர் நீதிமன்றத்தில் குரங்கு நீதிபதியை உனக்கும் காட்டியிருப்பார். 1878-இல் கட்டி முடித்த அந்தக் கட்டடத்தின் கல்வேலைப்பாட்டில், ஒரு கண்ணை மட்டும் கட்டிக்கொண்டு தராசு பிடித்திருக்கும் குரங்கு ஒன்று உண்டு. கழுத்தில் வக்கீல் பட்டை கட்டிய நரியும் உண்டு. வழக்கில் தோற்ற ஒரு பார்சி ஒப்பந்தக்காரர் கோபத்தில் செதுக்க வைத்தது என்று கதை சொல்வார்கள். புதிய கட்சிக்காரர்களை அண்ணாச்சி அங்கே அழைத்துப் போய் நிறுத்துவார். “இரண்டு கண்ணையும் கட்டிய தேவதை நம் மனசைப் பார்ப்பாள். இந்தக் குரங்கு ஒரு கண்ணால் காகிதத்தைத்தான் பார்க்கும். வீட்டுக்குப் போய்க் காகிதத்தைத் தேடுங்கள்” என்பார். எனக்கு இந்த வேடிக்கை அவ்வளவாகப் பிடிக்காது, நீதிபதிகளைப் பற்றி அப்படிச் சொல்லக் கூடாது என்று அவரிடமே சொல்லியிருக்கிறேன். ஆனால் அதைக் கேட்டவர்கள் யாரும் அடுத்த முறை வெறுங்கையோடு வந்ததில்லை.

அவர் சிரிக்காத இடம் ஒன்று இருந்தது. நடைபாதைவாசிகளை அகற்றுவதை எதிர்த்துப் போட்ட ஓல்கா டெல்லிஸ் வழக்கு. 1985 ஜூலை 10 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொடுத்த தீர்ப்பு. பிழைப்பைப் பறிப்பது வாழும் உரிமையைப் பறிப்பதே என்று சொன்னது அதுதான் என்று எல்லோரும் தேர்வுக்குப் படித்திருக்கிறோம். அந்த வழக்கின் மனுதாரர்களில் ஒருவர் அங்கமுத்து என்ற சேலத்துக்காரர். ஊரில் வறட்சி, நிலமில்லாத கூலி, 1961-இல் இங்கே வந்தார். தஹிசரில் ஒரு ரசாயனக் கம்பெனியில் நாளுக்கு 23 ரூபாய் கூலி. மேற்கு விரைவுச் சாலையின் நடைபாதையில் பிளாஸ்டிக் கூரை போட்ட ஓர் இடத்துக்காக அவரிடம் 2,500 ரூபாய் பறித்திருக்கிறார்கள். 1981 ஜூலை 23 அன்று மாநகராட்சி அதை இடித்துவிட்டு, மனைவியோடும் மூன்று பெண்களோடும் அவரைச் சேலத்துக்குப் பஸ் ஏற்றியது. குடும்பம் அங்கேயே தங்கிவிட, அவர் மட்டும் வேலை தேடித் திரும்பி வந்து மறுபடியும் நடைபாதையில் படுத்தார். பெண்களுக்கு 16, 13, 5 வயது என்று தீர்ப்பிலேயே இருக்கிறது. ஒவ்வொரு ஜூனியருக்கும் அண்ணாச்சி அந்தப் பத்தியைத் தமிழில் சொல்லிக் காட்டுவார். “அந்த மூன்று பிள்ளைகளும் பஸ்ஸில் என்ன பேசிக்கொண்டு போயிருக்கும்?” என்று கேட்டுவிட்டுப் பேச்சை நிறுத்திவிடுவார். அத்தனை பெரிய தீர்ப்பும் நடைபாதையில் குடியிருக்கும் உரிமையை அவர்களுக்குக் கொடுக்கவில்லை. மழைக்காலம் கழிந்து அக்டோபர் 31 வரை அகற்றக் கூடாது என்று தவணைதான் கொடுத்தது. அதனால்தானோ என்னவோ, தவணை கேட்பதை அவர் ஒருபோதும் கேவலமாக நினைத்ததில்லை. மழையில் ஒருவர் கூரையோடு இருப்பதற்கு ஒரு வாய்தா உதவுமானால் அது வக்கீலின் முழு வேலை என்பார். நான் எதிர்த்தரப்பில் நின்று அதனோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். அவர் சொன்னது சரி என்றே இப்போதும் நினைக்கிறேன்.

கூட்டம் முடிந்தபோது நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். ஓர் அம்மாள் முந்தானை முடிச்சிலிருந்து ஒரு துண்டுத் தாளை எடுத்துக் காட்டினார். அதைப் பார்த்து இன்னொருவர் சட்டைப் பையிலிருந்து எடுத்தார். அப்புறம் ஏழெட்டுப் பேர். வழக்கு நடந்த அன்றைக்கே, என்ன உத்தரவு, அடுத்து என்ன தேதி, எதைக் கொண்டு வர வேண்டும் என்று அவர் எழுதிக் கொடுத்த சீட்டுகள். நீல மை, சாய்ந்த எழுத்து. “அசல் ரேஷன் கார்டு எடுத்து வரவும். பழைய மின்சார பில் இருந்தால் அதுவும்.” ஒவ்வொரு சீட்டின் அடியிலும் ஒரே வரி: “காலையில் சாப்பிட்டுவிட்டு வரவும்.” பட்டினியோடு வந்து கோர்ட் வராந்தாவில் மயங்கி விழுந்த கட்சிக்காரர்களை அவர் பார்த்திருக்கிறார். அந்தச் சீட்டுகளில் சில உன் கையெழுத்தில் இருந்தன, தம்பி. அடி வரியும் விடாமல் எழுதியிருந்தாய். அந்த அம்மாளுக்கு அது அவர் எழுதியதா நீ எழுதியதா என்பதில் எந்த வித்தியாசமும் இல்லை.

இனி நடக்க வேண்டியதைப் பார்ப்போம். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 3-ஆம் கட்டளை, 4-ஆம் விதிப்படி வக்கீல் இறந்தால் வக்காலத்தும் முடிந்துவிடுகிறது. எல்லாக் கட்சிக்காரர்களும் புதிதாகக் கையெழுத்துப் போட வேண்டும். அவர்கள் பாதிப் பேருக்கு வேறு வக்கீல் வீட்டு வாசல் தெரியாது. தெரிந்தாலும் அங்கே கேட்கும் கட்டணத்துக்கு வழியில்லை. அண்ணாச்சி பலரிடம் முறுக்குப் பொட்டலத்தைத் தவிர வேறொன்றும் வாங்கியதில்லை என்பது உனக்குத் தெரியும். உன்னால் அப்படி நடத்த முடியாது, நடத்தவும் வேண்டாம். முடிந்தவர்களிடம் வாங்கு. முடியாதவர்களைச் சட்ட உதவி மையத்துக்கு அழைத்துப் போ. பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமலே 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அலுவலக வாடகைக்கு பார் ரூமில் சிலர் சேர்ந்து ஒரு தொகை ஒதுக்கியிருக்கிறோம். வாங்க மறுக்காதே.

மாமாவிடம் ஒரு வருடம் தவணை கேள். தவணை கேட்க உனக்கு அவர் சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

உன் பக்க வழக்குகளில் என் எதிரில் வருபவை சில இருக்கின்றன. புது வக்காலத்துப் போடுவதற்கு நீ வாய்தா கேட்கும்போது நான் ஆட்சேபிக்கமாட்டேன். அதற்கு மேல் எந்தச் சலுகையும் எதிர்பார்க்காதே. அவரும் என்னிடம் எதிர்பார்த்ததில்லை. வடாலா வீட்டு வழக்குதான் முதலில் வருகிறது. அதில் நான் எதிர்த்தரப்பு என்பதால் அதைப் பற்றி இங்கே ஒரு வார்த்தையும் எழுதமாட்டேன். ஊரிலிருந்து ரயில் ஏறும்போது அந்தக் கட்டைக் கையோடு எடுத்துக்கொண்டு வா, வழியெல்லாம் படி.

அன்புடன்,
எதிர்த்தரப்பு அக்கா