கடைசி டோஸ் முடிந்த அன்று ஒரு தாள் கொடுங்கள்

புற்றுநோய்க்குச் சிகிச்சை தரும் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், வணக்கம்.

நான்கு வருடங்களுக்கு முன் எனக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது. அறுவை, கீமோ, கதிர்வீச்சு மூன்றும் முடிந்துவிட்டன. இப்போது தினம் ஒரு மாத்திரை. இன்று உட்கார்ந்து இதை எழுதுகிறேன் என்றால் அது உங்களால்தான். அந்த நன்றி குறையாமலே, சிகிச்சை முடியும்போது அதன் விவரங்களை எழுதிய ஒரு தாளைக் கேட்க வந்திருக்கிறேன்.

போன வருடம் மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கியது. அதற்காக வேறொரு மருத்துவரைப் பார்க்கப் போனேன். "கீமோவில் என்ன மருந்து கொடுத்தார்கள்?" என்று கேட்டார். "சிவப்பு மருந்து" என்றேன். எங்களுக்குள் அப்படித்தான் சொல்லிக்கொள்வோம். டாக்ஸோரூபிசின் என்று அவர் புரிந்துகொண்டார். "மொத்தம் எத்தனை மில்லிகிராம் போனது?" என்றார் அடுத்து. பதில் தெரியவில்லை. பையை அவர் மேசைமேல் கொட்டினேன். ரசீதுகள், இரத்தப் பரிசோதனைத் தாள்கள், ஸ்கேன் படங்கள், மங்கிப்போன மருந்துச் சீட்டுகள். இரண்டு பேருமாகத் தேடினோம். மூன்று சுற்றுகளுக்குக் கணக்கு கிடைத்தது. நான்காவதற்குக் கிடைக்கவே இல்லை.

அவர் ஏன் அவ்வளவு தேடினார் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கு அன்றுதான் தெரிந்தது. அந்த மருந்து இதயத் தசையைப் பாதிக்கக்கூடியது. பாதிப்பு பல வருடம் கழித்துக்கூட வெளியே தெரியலாம். அதனால்தான் வாழ்நாள் முழுவதற்கும் சேர்த்து, உடல் பரப்பின் ஒரு சதுர மீட்டருக்கு 450 முதல் 550 மில்லிகிராம் வரைதான் என்று ஒரு வரம்பு வைத்திருக்கிறீர்கள். நாளைக்கு நோய் திரும்பி வந்தால், இன்னும் எவ்வளவு கொடுக்கலாம் என்பது அந்தப் பழைய கணக்கைப் பொறுத்தது. நல்லவேளை, எக்கோ எடுத்துப் பார்த்ததில் இதயத்தில் கோளாறு இல்லை. ஆனால் என் உடம்புக்குள் போன மருந்தின் அளவு என் கையில் இல்லை என்பது அன்றைக்கு உறைத்தது.

சிகிச்சை முடிந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. செவிலியர் என் கையிலிருந்து ஊசியை எடுத்து, பஞ்சை வைத்து அழுத்தி, "அவ்வளவுதான், முடிஞ்சுது" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். வெளியே வந்தபோதுதான் பயம் வந்தது. அதுவரை வாரத்துக்கு ஒருவராவது என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இனி மூன்று மாதம் கழித்து வந்தால் போதுமாம். அதற்குள் ஏதாவது ஆனால் யாரிடம் கேட்பது?

அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. விரல் நுனிகள் மரத்துப்போயின. சட்டைப் பொத்தானை விரலால் உணர முடியாது, கண்ணாடி முன் நின்று பார்த்துப் பார்த்துப் போட வேண்டும். சில நாள் மூன்றாவது பொத்தானிலேயே அழுகை வந்துவிடும். நோய் மூளைக்குப் பரவிவிட்டது என்றே நினைத்து ஒரு மாதம் யாரிடமும் சொல்லாமல் இருந்தேன். கீமோவில் கொடுத்த இன்னொரு மருந்தான பக்லிடாக்செல் நரம்புகளைப் பாதிப்பது வழக்கம்தான் என்று யாராவது ஒரு வரி எழுதிக் கொடுத்திருந்தால் அந்த மாதம் வேறு மாதிரி போயிருக்கும். கை வீக்கமும் அப்படித்தான், தூங்கி எழுந்தாலும் தீராத சோர்வும் அப்படித்தான். தினம் எடுக்கும் அந்த டாமாக்சிஃபென் மாத்திரையைச் சாப்பிடும்போது மாதவிடாய் நின்ற பிறகு இரத்தக்கசிவு வந்தால் உடனே சொல்ல வேண்டும் என்பதை மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த தாளில் படித்தேன்.

இது என் ஒருத்தியின் கதை இல்லை. 2022 கணக்குப்படி, முந்தைய ஐந்து ஆண்டுகளுக்குள் புற்றுநோய் கண்டறியப்பட்டு உயிரோடு இருப்பவர்கள் உலகம் முழுக்க சுமார் 5 கோடியே 35 லட்சம் பேர். சிகிச்சை முடிந்த பிறகு வரும் காலம் தனியான ஒரு கட்டம் என்று ஃபிட்ஸ்ஹ்யூ முல்லன் 1985இலேயே எழுதினார். அவர் மருத்துவர், புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவரும்கூட. 2005இல் அமெரிக்காவில் மருத்துவ ஆலோசனை சொல்லும் அமைப்பான இன்ஸ்டிட்யூட் ஆஃப் மெடிசின், ஒவ்வொரு நோயாளிக்கும் சிகிச்சைச் சுருக்கமும் தொடர் கவனிப்புத் திட்டமும் எழுத்தில் தரச் சொன்னது. அப்படியும் என் பையில் அந்தத் தாள் இல்லை.

அதில் என்ன வேண்டும்? என்ன மருந்து, மொத்தம் எவ்வளவு. கதிர்வீச்சு எந்த இடத்தில், எத்தனை கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு). பின்னால் என்னென்ன வரலாம், அதில் எதற்கு அவசரமாக ஓடி வர வேண்டும், எதற்குக் காத்திருக்கலாம். எந்தப் பரிசோதனை எப்போது. என் தங்கை எந்த வயதில் பரிசோதனையைத் தொடங்க வேண்டும், மரபணுச் சோதனை தேவையா. இதை நான் இரண்டு முறை கேட்டேன், இரண்டு முறையும் "அப்புறம் பார்க்கலாம்" என்றார்கள். அவளுக்கு அது சாதாரணக் கேள்வி இல்லை.

"உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று மட்டும் எழுதாதீர்கள். பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவையும் கீமோவும் முடித்த 889 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2025இல் வெளியானது. பயிற்சியாளர் துணையோடு மூன்று வருடம் உடற்பயிற்சி செய்தவர்களில் சுமார் 80 சதவீதம் பேர் ஐந்தாம் ஆண்டில் நோய் திரும்பாமல் இருந்தார்கள். கையேடு மட்டும் வாங்கிப் போனவர்களில் அது 74 சதவீதம். எனக்கு யாரும் உடற்பயிற்சி என்ற வார்த்தையையே சொல்லவில்லை, ஓய்வெடுக்கத்தான் சொன்னார்கள்.

நேரம் இல்லை என்பீர்கள். உண்மைதான், வெளியே நிற்கும் வரிசையில் நானும் நின்றவள். எல்லாவற்றையும் கடைசி நாளில் எழுத வேண்டாம். முதல் கீமோ அன்றே தாளைத் தொடங்கி, ஒவ்வொரு சுற்றும் முடிந்ததும் ஒரு வரி சேர்த்தால் போதும். தாளை நீட்டுவதோடும் விட்டுவிடாதீர்கள். வெறும் தாளைக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகள் சிலவற்றில் பெரிய பலன் தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கால் மணி நேரம் படித்துக் காட்ட ஒருவர் வேண்டும். செவிலியரே போதும்.

எனக்கான தாளை நானே கட்டம் போட்டு எழுதி வைத்திருக்கிறேன். நான்காவது சுற்றுக்கு எதிரே இடம் விட்டிருக்கிறேன். அடுத்த பரிசோதனைக்கு எடுத்து வருகிறேன், பழைய பதிவேட்டைப் பார்த்து அந்த எண்ணை எழுதிக் கொடுங்கள்.

அன்புடன்,
உங்களிடம் சிகிச்சை பெற்ற ஒருத்தி