ரவீன் வீட்டில் அறை கட்டப்போகிறவர்களுக்கும் அதை விற்கிறவர்களுக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரப் பத்திரிகையில் ரொறன்ரோ ஸ்காபரோ வாசகர் ஒருவர், பக்கத்தில் ஓடை இருக்கிறது என்பதற்காகத் தன் சொந்தக் காணியில் ஒரு அறை கட்டுவதற்கு அந்த ஓடையிடம் போய் அனுமதி கேட்கவேண்டுமா என்று எழுதியிருந்தார். அவருடைய கோபம் எனக்கு நன்றாக விளங்குகிறது, ஏனென்றால் 2024 வசந்தத்தில் மாநகரசபையின் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு குசினி மேசையில் நானும் அதே கோபத்தோடுதான் இருந்தேன். ஆனால் அவர் கோபப்படவேண்டியது ஓடைமேல் இல்லை, சட்டத்தின்மேலும் இல்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீடு ஸ்காபரோவில் ஓடுகிற ஹைலண்ட் கிறீக்கின் கிளையோடை ஒன்றுக்கு மேலே, சரிவின் விளிம்பில் இருக்கிறது. ஓடை ஓடுகிற இப்படியான பள்ளத்தைத்தான் இங்கே ரவீன் என்கிறார்கள். 2011இல் வாங்கினோம். விற்றுத் தந்தவர் "ரவீன் லொட், பின்னுக்கு ஆரும் வீடு கட்டேலாது" என்று சொல்லிச் சொல்லித்தான் காட்டினார், அந்த ஒரு சொல்லுக்காக விலையும் கூடக் கொடுத்தோம். பின்னுக்கு யாரும் கட்ட முடியாது என்றால் எங்கள் வளவிலும் அந்தத் தடை கொஞ்சம் ஏறி நிற்கும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. வீடு விற்பதே தொழிலாக இருப்பவருக்குத் தோன்றாமல் இருந்திருக்காது. சொல்லவில்லை.

அம்மாவுக்கு இப்போது 81 வயது. படுக்கையறையும் குளியலறையும் மேல்மாடியில். ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து, கைபிடியில் சாய்ந்து ஒரு மூச்சு எடுத்து, அப்புறம்தான் அடுத்த படி. கீழே அவருக்கு ஒரு அறையும் ஒரு குளியலறையும் கட்டிக்கொடுக்க நினைத்தோம், அவ்வளவுதான். கட்டடப் படம் கீறுகிற ஒருவரிடம் போனோம், நம் ஆள்தான். வந்து அளந்து, பின்பக்கம் நேராக ஓடையை நோக்கிப் பதினெட்டு அடி நீட்டி, பதினான்கு அடி அகலத்தில் அழகாகக் கீறித் தந்தார். அளக்கிறபோது பின்வளவில் நின்று மரங்களைப் பார்த்து "நல்ல காத்து" என்று சொன்னவர், கீழே ஓடுகிற தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. காசு கொடுத்தோம், மாநகரசபைக்கு அனுப்பினோம், சில வாரத்தில் பதில் வந்தது: இந்தக் காணி, ஆறு ஓடைகளின் வெள்ளத்தையும் மண்ணரிப்பையும் கவனிக்கிற பாதுகாப்பு அதிகாரசபையின் கட்டுப்பாட்டுப் பகுதிக்குள் வருகிறது, அவர்களுடைய அனுமதி இல்லாமல் கட்டட பெர்மிட் தர முடியாது. படத்தை எடுத்துக்கொண்டு அவரிடம் திரும்பப் போனால் அவர் சொன்னது இது: "பின்பக்கம்தானே அண்ணை, ஆருக்குத் தெரியப்போகுது, கோடைக்குள்ள கெதியா எழுப்பிப் போடுவம்."

இந்தப் பேச்சை எத்தனை வீட்டில் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள் என்று நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. அப்படிக் கட்டிப் பிடிபட்டால் வேலையை நிறுத்தச் சொல்லி உத்தரவு வரும், வழக்குப் போட்டால் தனி ஆளுக்கு 50,000 டொலர்வரை அபராதம் அல்லது மூன்று மாதம்வரை சிறை, இரண்டும் சேர்ந்தும் வரலாம். தொடர்ந்து மீறினால் நாளுக்கு 10,000 டொலர்வரை மேலதிகம். கட்டியதை இடித்து அகற்றச் சொல்லவும் நீதிமன்றத்தால் முடியும். இதெல்லாம் படம் கீறியவரின் தலையில் விழாது, வீட்டுக்காரரின் தலையில்தான் விழும்.

சரி, ஏன் இப்படி ஒரு சட்டம்? 1954 ஒக்டோபர் 15 இரவு ஹேசல் சூறாவளி இங்கே வந்தது. அதற்கு முன்பே பெய்த மழையில் மண் ஊறிப்போய் இருந்தது, குடிக்க இடமில்லாத தண்ணீர் முழுவதும் ஆறுகளுக்குள் இறங்கியது. ஒன்ராறியோவில் 81 பேர் செத்தார்கள். ஹம்பர் ஆற்றங்கரையில் றேமோர் டிரைவ் என்ற ஒரே தெருவில் மட்டும் 35 பேர், வீடுகளோடு அள்ளுண்டு போனார்கள். அந்த இடம் இன்று பூங்கா, வீடு கட்ட விடவில்லை. அந்த இரவுக்குப் பிறகுதான், 1957இல், நான்கு சிறிய சபைகளை ஒன்றாக்கி ரொறன்ரோ வட்டாரப் பாதுகாப்பு அதிகாரசபை உண்டானது. நம் ஆட்கள் ரிஆர்சிஏ என்று சொல்வது அதைத்தான். இன்றைக்கும் இங்கே வெள்ளம் எதுவரை வரும் என்று கோடு கீறுவதற்கு ஹேசல் அளவு மழையைத்தான் கணக்கில் எடுக்கிறார்கள். அது பழைய கதை என்று நினைப்பவர்கள் 2005 ஆகஸ்ட் 19ஐ நினைத்துப் பார்க்கட்டும், பிளாக் கிறீக் ஓடை பெருகி பிஞ்ச் அவனியூ என்ற பெரிய தெருவையே அறுத்துக்கொண்டு போனதே.

அம்மாவிடம் மாநகரசபைக் கடிதத்தைப் பற்றிச் சொன்னபோது அவர் என்னைப்போல் கோபப்படவில்லை. அவர் பிறந்து வளர்ந்தது யாழ்ப்பாணத்தில், வலிகாமத்து வழுக்கையாற்றுப் பக்கம், மாரியில் மட்டும் ஓடுகிற ஆறு அது. "தம்பி, வெள்ளவாய்க்காலைத் தூர்த்துப்போட்டு மதில் கட்டினவை, அடுத்த மாரிக்கு எங்கட கிணத்துக்குள்ள எல்லோ வெள்ளம் வந்தது, உனக்கு ஞாபகம் இல்லையோ" என்றார். எனக்கு ஞாபகம் இருந்தது. கிணற்றுத் தண்ணீர் கலங்கி ஒரு மாதம் அடுத்த தெருவில் இருந்து வாளியில் சுமந்தோம்.

அப்புறம்தான் நான் முதலிலேயே செய்திருக்கவேண்டிய வேலையைச் செய்தேன். அதிகாரசபையின் இணையத்தளத்தில் வீட்டு முகவரியைப் போட்டால் காணி கட்டுப்பாட்டுப் பகுதிக்குள் வருகிறதா என்று வரைபடத்தில் காட்டுகிறது. ஐந்து நிமிட வேலை. எங்கள் வீட்டின் பாதியை அந்த நிறம் மூடியிருந்தது. விண்ணப்பிக்க முன்பே ஆலோசனைக் கூட்டம் கேட்கலாம் என்று சட்டத்திலேயே இருக்கிறது, கேட்டேன், ஒரு நாள் காலையில் அங்கிருந்து ஒரு பெண் வந்தார். வளவின் கடைசிக்குப் போய்ச் சரிவு எங்கே முறிகிறது என்று பார்த்து வரிசையாகக் கட்டைகள் அடித்து, தலைப்பில் செம்மஞ்சள் நாடா கட்டினார். நாலாவது கட்டை நிற்கவில்லை. அந்த இடத்தில்தான் பத்து வருடமாக நாங்கள் வெட்டிய புல்லையும் இலைகுழையையும் கொட்டி வந்தோம். அவர் குனிந்து கையால் விலக்கிக் காட்டினார், மேலே காய்ந்த புல், கீழே கறுத்து வழுவழுத்த ஒரு படை, அதற்கும் கீழே வெறும் மண், ஒரு வேர் இல்லை. பக்கத்தில் நாங்கள் கைவைக்காத இடத்தில் செடியும் வேரும் வலை பின்னினமாதிரி மண்ணைப் பிடித்துக்கொண்டு நின்றன. எங்கள் வீட்டைத் தாங்குகிற கரையை நாங்களே மொட்டையடித்திருக்கிறோம் என்று அன்றைக்குத்தான் கண்டேன். அதற்குப் பிறகு ஒரு பிடி புல் அங்கே போகவில்லை.

கண்ணுக்குத் தெரிகிற விளிம்பு வேறு, நின்றுபிடிக்கிற விளிம்பு வேறு. இதுதான் நம் ஆட்களுக்கு யாரும் விளங்கப்படுத்தாத விஷயம். மாகாண வழிகாட்டியின் பொதுக்கணக்கின்படி, கிடையாக மூன்று மீற்றர் போக ஒரு மீற்றர் இறங்குகிற சரிவு நிற்கும் என்று எடுக்கிறார்கள். அதைவிடச் செங்குத்தாக இருந்தால், அடியில் ஓடை வேறு மண்ணை அரித்துக்கொண்டிருந்தால், நூறு வருடத்தில் விளிம்பு எங்கே வந்து நிற்கும் என்று பொறியியலாளர் கணக்குப் பார்த்துச் சொல்லவேண்டும். நாங்கள் பிடித்த மண் பொறியியலாளர் இரண்டு இடத்தில் துளை போட்டு மண் எடுத்தார். வீட்டின் பின்சுவரிலிருந்து கண்ணுக்குத் தெரிகிற விளிம்புக்கு 18 மீற்றர். அவர் கணக்கில் உண்மையான விளிம்பு நாலு மீற்றர் உள்ளுக்கு, அதாவது சுவரிலிருந்து 14 மீற்றரில். ரொறன்ரோவின் வலயச் சட்டப்படி அந்தக் கோட்டிலிருந்து 10 மீற்றருக்குள் கட்டடம் வரக்கூடாது. அப்படியானால் எங்களுக்கு இருப்பது நாலு மீற்றர், பதின்மூன்று அடி. முதல் படம் கேட்டதோ பதினெட்டு அடி. அதே பிடியில் நின்றிருந்தால் விலக்குக் கேட்டுத் தனிக் குழுவுக்குப் போகவேண்டும், 60 மீற்றருக்குள் இருக்கிற வீடுகளுக்கெல்லாம் அறிவித்தல் போகும், விலக்கு கிடைக்கும் என்ற நிச்சயமும் இல்லை.

புதிதாக ஒருவரிடம் படம் கீறினோம். ஆழம் பன்னிரண்டு அடி, அகலம் இருபது அடி. முதல் படத்தில் 252 சதுர அடி, இதில் 240. குறைந்தது பன்னிரண்டே பன்னிரண்டு சதுர அடி! அறையை நீளப்பாட்டில் திருப்பி வைத்தோம், அவ்வளவுதான். அந்தப் பத்து மீற்றரையும் தாண்டி இன்னும் கொஞ்சத் தூரம் கட்டுப்பாட்டுப் பகுதி வீட்டுப் பக்கமாக வருவதால் அதிகாரசபையின் அனுமதி அப்போதும் தேவைப்பட்டது, ஆனால் மறுப்பதற்குக் காரணம் ஒன்றும் இருக்கவில்லை. 2024 ஏப்ரல் 1இல் வந்த புதிய ஒழுங்குவிதியின்படி விண்ணப்பம் முழுமையா இல்லையா என்று 21 நாளுக்குள் சொல்லவேண்டும், முழுமையானால் 90 நாளுக்குள் முடிவு சொல்லவேண்டும், சொல்லாவிட்டால் நாங்கள் காணி நடுவர்மன்றத்துக்குப் போகலாம். எங்களுக்கு அவ்வளவு தூரம் போகத் தேவை வரவில்லை. மரங்களுக்கு மாநகரசபையின் ரவீன் சட்டம் தனியாக இருக்கிறது, அதில் மரத்தின் பருமனே கணக்கில்லை, கைத்தடி மொத்தத்தில் ஒரு கன்று என்றாலும் கேட்காமல் வெட்டக்கூடாது, மண் கொட்டி நிலத்தை உயர்த்தவும் கூடாது. இதையும் முதல் ஆள் சொல்லவில்லை.

இப்போது கணக்கைப் பாருங்கள். முதல் நாளே யாராவது ஒருவர் "கோடு எங்கே என்று கேட்டுவிட்டுக் கீறுவோம்" என்று சொல்லியிருந்தால் 2024 இலையுதிர்காலத்துக்குள் அம்மா கீழே படுத்திருப்பார். சொல்லாததால் இன்னொரு குளிர்காலம் அந்தப் படிகளில் ஏறினார். தையில் ஒரு இரவு கீழிருந்து மூன்றாவது படியில் சறுக்கி விழுந்தார். எலும்பு முறியவில்லை, ஆனால் இடுப்புப் பக்கம் கண்டிப்போய் இரண்டு கிழமை திரும்பிப் படுக்க முடியவில்லை, இரவில் முனகுகிற சத்தம் எங்கள் அறைக்குக் கேட்கும். என் கோபம் அந்த மூன்றாவது படியில் இருந்து வருகிறது, ஓடையில் இருந்து இல்லை.

போன வார வாசகர் மீனுக்காக மனிதரை வருத்துகிறார்கள் என்றும் எழுதியிருந்தார். அது சரியில்லை. 2024க்குப் பிறகு அதிகாரசபை பெர்மிட்டுக்குப் பார்க்கக்கூடியது வெள்ளம், மண்ணரிப்பு, உறுதியில்லாத நிலம், அதனால் உயிருக்கும் சொத்துக்கும் வரக்கூடிய ஆபத்து, இவ்வளவுதான். தண்ணீர் அசுத்தமாவதைப் பற்றிப் பார்க்கிற அதிகாரம் முன்பு இருந்தது, மாகாண அரசு அதை எடுத்துவிட்டது. எடுத்தது பிழை என்பது என் எண்ணம். புரட்டாதியில் ஒருக்கால் மோர்னிங்சைட் பூங்காவுக்குப் போய்ப் பாருங்கள், முழங்கால் அளவு தண்ணீரில் சால்மன் மீன்கள் ஏரியில் இருந்து எதிர்நீச்சல் போட்டு ஏறி வரும், ஆழமில்லாத இடத்தில் பாதி முதுகு வெளியே தெரியக் கல்லில் உரசி உரசி. என் மகள் சின்ன வயதில் கரையில் நின்று அவற்றுக்குக் கைதட்டுவாள். நாலு பக்கமும் வீடும் தாரும் மூடிய நகரத்துக்குள் அந்த ஓடை இன்னும் உயிரோடு இருக்கிறது. அதன் கரையில் வீடு வைத்திருக்கிற நாம் அதைப் பற்றி இப்படிக் கதைக்கக்கூடாது.

ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் பத்திரிகையில் ஒவ்வொரு வாரமும் பக்கம் பக்கமாக வீட்டு விளம்பரம் வருகிறது, "ரவீன் லொட்" என்று பெரிய எழுத்தில் போடுகிறார்கள். அந்தக் காணி கட்டுப்பாட்டுப் பகுதிக்குள் வருகிறதா என்று அதே விளம்பரத்தில் ஒரு வரி சேர்க்கும்படி அவர்களைக் கேளுங்கள். வாங்குகிறவர்கள், ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்க முன் உங்கள் வழக்கறிஞரைக் கொண்டு அதிகாரசபையிடம் எழுத்தில் விசாரிக்கச் சொல்லுங்கள், கட்டணம் கட்டினால் பதில் தருவார்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள், படம் கீறுகிறவருக்குக் காசு கொடுக்க முன் அந்த வரைபடத்தை நீங்களே திறந்து பாருங்கள், ஆங்கிலம் கஷ்டம் என்றால் பிள்ளைகளைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு பாருங்கள். படம் கீறுகிற நம் தம்பிமாருக்கும் சொல்கிறேன், உங்களை நம்பித்தான் சனம் வருகிறது, முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

எங்கள் வேலை இப்போது நடக்கிறது. தோண்டிய மண்ணைச் சரிவில் விடாமல் லொறியில் ஏற்றி அனுப்பினோம், விளிம்போரம் கறுப்புத் துணி வேலி நிற்கிறது, பழைய மேப்பிள் மரத்தைச் சுற்றிப் பலகை அடித்திருக்கிறோம். சுவர் எழும்பிவிட்டது. கூரை போட்டு யன்னல் பூட்டவேண்டும், பனி விழ முன் முடித்துத் தருவதாக மேசன் சொல்லியிருக்கிறார். அம்மா நேற்றுப் பின்னேரம் கைத்தடியோடு வந்து யன்னல் வரப்போகிற இடத்தில் கதிரை போட்டு இருந்து, கட்டில் தலைமாட்டை எந்தப் பக்கம் வைப்பது என்று கேட்டார்.

இப்படிக்கு,
ஹைலண்ட் கிறீக் பக்கம் வசிக்கும் வாசகர்,
ஸ்காபரோ