தொழிற்கல்வி ஆசிரியர் பயிற்சி: செயலாளர் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இவ்வாண்டுச் சங்கப் பணிகளில் பெரும்பகுதி, உயர்நிலை வகுப்புகளில் தொழிற்கல்வி எடுக்க வரும் ஆசிரியர்களைப் பழக்குவதிலேயே கழிந்தது. பாட ஆசிரியர்களுக்கு வகுப்பு கைவந்தது, கருவி புதிது. பட்டறையிலிருந்து வந்தவர்களுக்கோ வேலை ஊறிப்போய், எங்கே எவ்வளவு அழுத்துகிறோம் என்பதைச் சொல்லத் தெரிவதில்லை. எனவே இரு சாராருக்கும் முதல் பாடம் ஒன்றே: வேலையைப் பிரித்து எழுதுதல்.

தாளில் மூன்று கட்டம்: படி, கவனிக்க வேண்டியது, ஏன். வேலையை இப்படிப் பிரித்து எழுதுவது, இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கத் தொழிற்சாலைகளில் புது ஆட்களை விரைவாகப் பழக்கப் பரவிய முறை. பழசுதான், ஆனாலும் பயன் குறையவில்லை.

வயர் முனை சீவுவதற்கு முதலில் கிடைத்த தாள்களில் “உறையை நீக்கு” என்று ஒரே வரி. திருத்திய தாளில், 1.5 சதுர மி.மீ. வயரை, உறை சீவும் கருவியான ஸ்ட்ரிப்பரின் அதே அளவுப் பள்ளத்தில் வைக்க வேண்டும். சிறிய பள்ளம் செம்பில் வெட்டு விழவைக்கும், வளைக்கையில் அங்கேதான் முறியும். சீவும் நீளம், வயரைச் செருகித் திருகால் இறுக்கும் டெர்மினலின் ஆழத்தைப் பொறுத்தது, பெரும்பாலும் 8 முதல் 10 மி.மீ. குறைந்தால் திருகு உறைமேல் இறங்கும். இறுகியதுபோல் தெரிந்தாலும் இணைப்பு சூடேறும். கூடினால் வெற்றுச் செம்பு வெளியே நிற்கும். “ஏன்” கட்டம் காலியாக வந்த தாள்களைத் திருப்பிக் கொடுத்தோம். காரணம் தெரியாத பையன், ஆசிரியர் தலை மறைந்ததும் உறையைப் பல்லால் கடித்து இழுப்பான்!

செய்துகாட்டும்போது எதிரே நின்றால் மாணவருக்கு இடவலம் மாறித் தெரியும். அவர்களைத் தோளுக்குப் பின்னால் நிறுத்த வேண்டும். ஒரு தடவைக்கு ஆறேழு பேருக்கு மேல் பார்க்க இடமிராது, மற்றவர்களுக்கு வரைபட வேலை கொடுக்கலாம். முதலில் இயல்பான வேகம், பிறகு நிறுத்தி நிறுத்தி விளக்கம், மூன்றாவதாக மாணவர் சொல்ல ஆசிரியர் செய்வது. நேரமில்லை என்று பலரும் விடுவது இந்த மூன்றாவதைத்தான். எது புரியவில்லை என்று பிடிபடுவதும் அங்கேதான்.

பல்பு எரிந்தால் முழு மதிப்பெண் என்ற பழக்கம் இன்னும் போகவில்லை. சுவிட்சை, மின்சாரம் வரும் ஃபேஸ் கம்பியில் போடாமல் திரும்பும் நியூட்ரல் கம்பியில் போட்டாலும் பல்பு எரியும். அணைத்த பிறகும் ஹோல்டரில் மின்சாரம் இருக்கும். ஆகவே சரிபார்ப்புப் பட்டியலில் “சுவிட்ச் ஃபேஸில் உள்ளதா” என்ற வரி தவறினால் தேர்ச்சி கிடையாது என வைத்துள்ளோம்.

தையல், மரவேலைத் தாள்கள் பாக்கி. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். இவ்வறிக்கைக்கு ஒப்புதல் கோருகிறேன்.

செயலாளர்