அம்மிணிக்கு, வாசல் வேம்பைப் பற்றி

அம்மிணி கண்ணு,

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ மரத்தைப் பற்றிக் கேட்டபோது நான் சரியாகப் பதில் சொல்லாமல் உங்கம்மாவிடம் போனைக் கொடுத்துவிட்டேன். கோபமெல்லாம் இல்லை. வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பலாம் என்று உட்கார்ந்தால் பாதியிலேயே வேறெங்கோ போய்விடுகிறேன், அதனால்தான் எழுதுகிறேன். பெரிசாகத்தான் இருக்கும், ரயிலில் போகும்போது படி.

ஆடிப்பெருக்குக்கு முந்தின ராத்திரி அடித்த காத்தில் வாசல் வேம்பு சாய்ந்தது உனக்குத் தெரியும். கட்டுத்தரைப் பக்கம் விழுந்தது, ஆனால் மாடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஓடுதான் நாலு வரிசை போச்சு. மறுநாள் பத்து மணிக்கே மரக்கடைக்காரர் வந்து நின்று 18,000 பேசினார். நீயும், "கொடுத்துருங்கப்பா, சும்மா கிடந்தா கரையான் புடிச்சிரும்" என்றாய். வேம்பு வைரத்தில் கரையான் அவ்வளவு லேசில் ஏறாது கண்ணு. அது சரி, நீ சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. நானே அப்படிச் செய்தவன்தான். நீ காலேஜ் சேர்ந்த வருஷம் தெக்கால காட்டு வரப்பில் நின்ற பனையில் 22 பனையைச் செங்கல் சூளைக்குக் கொடுத்தேன். ஒரு பனைக்கு என்ன கிடைத்தது என்று சொன்னால் சிரிப்பாய். பாதி உன் ஹாஸ்டலுக்குப் போச்சு, மீதியைப் போட்டு போர் ஓட்டினேன், 900 அடிக்கும் புகைதான் வந்தது. உங்க அப்பாரு, அதாவது எங்கப்பா, அப்போது உயிரோடு இருந்தார். அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த வரப்புப் பக்கம் போவதை மட்டும் நிறுத்திக்கொண்டார்.

இந்த மரத்தை நான் விற்கவில்லை. ஃபிட்டருக்குக் கொடுத்துவிட்டேன்.

ஃபிட்டரை உனக்கு ஞாபகம் இருக்காது, நீ சின்னவளாக இருந்தபோதே அவர் ஆப்பிரிக்கா போய்விட்டார். தான்சானியாவில் தார் எஸ் சலாமில் ஒரு ஸ்பின்னிங் மில்லில் 11 வருஷம், அப்புறம் கென்யாவில் மொம்பாசாவில் நாலு வருஷம். திரும்பி வந்தபோது ஊரே டிவியும் தங்கமும் எதிர்பார்த்தது, மனுஷன் கொண்டுவந்தது ஒரு சாக்கு நிறைய உளியும் மரம் செதுக்குகிற ஒரு வாச்சியும். வேறு எதுவும் பெரிசாகச் சேர்த்த மாதிரி தெரியவில்லை. இப்போது கிழக்கால சாளையில் உட்கார்ந்து காலையிலிருந்து பொழுது சாயும் வரை மரத்தைச் செதுக்கிக்கொண்டிருக்கிறார். ஊரில் பாதிப் பேர் கிறுக்கு என்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். முதன்முதலில் அவர் சாளைக்குள் போனபோது எனக்குப் பிடிக்கவே இல்லை, அங்கிருந்த சிலைகளுக்குக் கையும் காலும் பாம்பு மாதிரி நீண்டு, ஒற்றைக் கண், வாய் ஒரு பக்கம் இழுத்து, ராத்திரி பார்த்தால் காய்ச்சல் வந்துவிடும். ஷெட்டானி என்றார். நம்ம ஆட்கள் சொல்கிற சைத்தான்தான், அரபிக்காரர் வழியாக அங்கேயும் போயிருக்கிறது. மக்கொண்டே என்கிற சனம் அதைச் செதுக்குகிறார்களாம், தான்சானியாவின் தென்கோடியிலும் மொசாம்பிக்கின் வடக்கிலும் இருக்கிறவர்கள். மில் லீவு நாளில் ம்வெங்கே என்ற இடத்தில் அவர்கள் வரிசையாக உட்கார்ந்து செதுக்குவதைப் பார்க்கப் போனவர், பார்த்துப் பார்த்து ஒருநாள் தானும் உட்கார்ந்துவிட்டார்.

அங்கே அவர்கள் எடுக்கும் மரம் ம்பிங்கோ. நம்ம ஈட்டிக்குப் பங்காளி முறை, ஒரே இனம். வெளியே மஞ்சளாக ஒரு பட்டை வெள்ளை, உள்ளே அட்டக்கரி. தண்ணியில் போட்டால் முங்கிவிடும், அவ்வளவு கனம். கிளாரினெட் என்று பேண்டு வாத்தியத்தில் ஊதுவார்களே, அதை இதில்தான் கடைகிறார்களாம். நாகஸ்வரத்துக்கு ஆச்சா மரத்தைத் தேடிப் பழைய வீடு இடிக்கிற இடமாக அலைகிற மாதிரி என்று வைத்துக்கொள். ம்பிங்கோ வெட்டுகிற பருவத்துக்கு வர ஒரு மனுஷ ஆயுசு பிடிக்கும். ஒரு கடைக்காரர் ஃபிட்டரிடம் வேம்பில் செய்து கறுப்பு பூட் பாலிஷ் போட்டுத் தரச் சொன்னாராம், கருங்காலி என்று சொல்லி விற்க. அங்கேயும் அந்தத் திருட்டு வேலை உண்டாம். "தண்ணியில போட்டுப் பாத்தா தெரிஞ்சு போயிருமுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார். காசு இல்லாத ஆளுக்கு இந்த வீம்பு ஆகுமா என்று உங்கம்மா கேட்கிறாள். எனக்கென்னவோ ஆளைப் பிடித்துப் போனதே அந்த இடத்தில்தான்.

மக்கொண்டேக்கள் தாங்கள் எப்படி வந்தோம் என்று ஒரு கதை சொல்கிறார்கள். ஆதியில் ஒருத்தன் காட்டில் தனியாக இருந்தான். குளிக்க மாட்டான், முடி வெட்ட மாட்டான். ஒருநாள் ஒரு மரத்துண்டை எடுத்துப் பெண் உருவமாகச் செதுக்கி வாசலில் நிறுத்திவிட்டுத் தூங்கினான். விடிந்து பார்த்தால் உயிருள்ள பெண் நிற்கிறாள். ரெண்டு பேருக்கும் ஆற்றோரத்தில் பிள்ளை பிறந்தது, செத்துப் போச்சு. அடுத்ததும் செத்தது. மேட்டு நிலத்துக்குக் குடி போன பிறகு பிறந்த மூணாவதுதான் தக்கிற்று. அதனால்தான் அவர்கள் பள்ளத்தில் குடியிருக்காமல் மேட்டிலேயே இருந்தார்களாம். இதைச் சொல்லிவிட்டு ஃபிட்டர், "மரத்துலதானுங் மாமா அவங்க ஆத்தா இருந்திருக்குது, அதான் செதுக்குறப்போ அவங்க கை பதறாது" என்றார். நான் சிரித்தேன். அப்புறம் யோசித்துப் பார்த்தால், மாரியாத்தா நோம்பிக்கு நாம் என்ன செய்கிறோம்? மூணு கவடு உள்ள வேம்பாகப் பார்த்து வெட்டிவந்து கோயில் முன்னால் கம்பம் நட்டு, அவள் புருஷன் என்று மஞ்சள் பூசி, விடிய விடியப் பொம்பளைகள் குடம் குடமாகத் தண்ணி ஊற்றுகிறார்கள். நீயும் எட்டு வயசில் உன் ஆத்தா, எங்கம்மாவோடு சின்னச் சொம்பில் ஊற்றியவள்தானே. கடைசி நாள் கம்பத்தைப் பிடுங்கி ஆத்துக்கு எடுத்துப் போகும்போது ஏங்கி ஏங்கி அழுதாய், மறந்திருப்பாய்.

மொம்பாசா பக்கம் கடலோரத்தில் மிஜிகெண்டா என்று ஒரு சனம். அவர்களுடைய கோயில் காட்டுக்குப் பேர் காயா. அதில் பல காட்டை 2008-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. நம்ம அய்யனார் காட்டில் சுள்ளி பொறுக்கக் கூடாது என்பார்களே, அங்கேயும் அதே மாதிரி கட்டுப்பாடு. பெரிய மனுஷன் ஒருத்தர் செத்தால் ஆளுயர மரப் பலகையில் முக்கோணம் முக்கோணமாகக் கொத்தி நட்டு வைக்கிறார்கள், விகாங்கோ என்று பேர். நட்டதை அசைக்க மாட்டார்கள், ஊரே இடம் மாறினாலும் அது அங்கேயே நின்று மக்கிப் போக வேண்டும். அதைப் போய் ராத்திரியில் பிடுங்கி வெளிநாட்டுக்கு விற்றிருக்கிறார்கள், நம்ம சாமி சிலைகளை விற்ற மாதிரியே. அமெரிக்காவில் சில மியூசியங்கள் இப்போது திருப்பிக் கொடுத்திருக்கின்றன. எனக்கு அந்த மக்கிப் போக விடுகிறது இருக்கிறதே, அதுதான் ரொம்ப நாள் மனசில் ஓடியது. நாமோ எதையும் மக்க விடுவதில்லை, பெயிண்ட் அடித்துக்கொண்டே இருக்கிறோம்.

சரி, வேம்புக்கு வருகிறேன். இதைத்தான் முதலிலேயே சொல்ல நினைத்தேன். கென்யாவில் கம்பா என்கிற சனத்தில் முட்டிஸ்யா முங்கே என்று ஒருத்தர் முதல் உலகப் போர் சமயத்தில் தான்சானியா பக்கம் போய்ச் செதுக்குவதைக் கற்று வந்து, தன் ஊர் வமுன்யூவில் செதுக்க ஆரம்பித்தார், அது ஊரெல்லாம் பரவிப் போச்சு. அதிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பத்துக்கு அதுதான் சோறு. யானை, ஒட்டகச்சிவிங்கி, முகமூடி என்று வெள்ளைக்காரர் வாங்கக் கொடுத்துக்கொடுத்து, ம்பிங்கோவும் முஹுகு என்ற மரமும் காட்டில் அருகிப் போய்விட்டன. 1990-களில் என்ன செய்வது என்று பார்த்தபோது கைக்குக் கிடைத்தது எது தெரியுமா? நம்ம வேம்பு! இங்கிருந்து போனவர்கள் எப்போதோ கொண்டுபோய் ஊன்றியது, கடலோரமெல்லாம் காடாகக் கிடந்திருக்கிறது. அங்கே பேசுகிற சுவாஹிலி பாஷையில் அதற்கு ம்வரொபைனி என்று பேர், அரொபைனி என்றால் நாற்பது, நாற்பது வியாதிக்கு மருந்தாம். மொம்பாசாவில் ஒரு கம்பாக்காரர் வேம்பைச் செதுக்குவதைப் பார்த்து, அந்தக் கசப்பு மரத்தூள் வாசம் மூக்கில் ஏறினதும் ஃபிட்டருக்கு நம்ம ஊர் வாசல் ஞாபகம் வந்து கண்ணில் தண்ணி வந்துவிட்டதாம். தூள் பட்டாலே கண்ணில் தண்ணி வரும், அது வேறு விஷயம். அந்த மாசமே ஊருக்கு வருகிறதாக முடிவு பண்ணியிருக்கிறார். நின்ற மரத்தை மட்டும் வெட்ட மாட்டார். காத்தில் சாய்ந்தது, இடி விழுந்தது, ரோடு அகலம் பண்ணப் பிடுங்கிப் போட்டது, இதுகளைத்தான் தேடிப் போகிறார். ரோட்டு வேலை நடக்கிற வரைக்கும் அவருக்கு மரத்துக்குப் பஞ்சமே வராது போலிருக்கிறது.

நம்ம மரத்தை அவர் பார்க்க வந்த அன்றைக்கு வாச்சியைக் கொண்டு வரவில்லை. வெறுங்கையோடு வந்து மரத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தார், அங்கங்கே உள்ளங்கையை வைத்துப் பார்த்தார், ஒரு இடத்தில் காதை வைத்து விரலால் தட்டினார். அப்புறம் வெட்டுமுகத்தில் சாணியைப் பூசச் சொன்னார், முனை வழியாகத்தான் ஈரம் வேகமாகப் போகுமாம், விட்டால் வெடித்துவிடும். அடிமரத்தில் ஆறடி நீளத்துக்குத் துண்டாக அறுத்து வண்டியில் ஏற்றிப் போனார்கள். மீதிக் கிளையெல்லாம் கொட்டாயில் கிடக்கிறது, கட்டுத்தரைக்கு நாலு விட்டம் தேறும்.

பத்து நாள் கழித்துக் கூப்பிட்டு அனுப்பினார். போனால் வாச்சி வாயில் பல் விழுந்திருக்கிறது. மரத்துக்குள் ஆணி! மூணு விரற்கடை ஆழத்தில், லாடம் அடிக்கிற மாதிரிப் பெரிய ஆணி, தலை மடங்கி இருந்தது. பார்த்ததும் தெரிந்துவிட்டது. கரண்ட் வராத காலத்தில் உங்க அப்பாரு ராத்திரியில் லாந்தர் மாட்ட அடித்த ஆணி அது. நான் அதைத் தொட முடியாமல் எம்பி எம்பிப் பார்த்த உயரம் எனக்கு நல்லா ஞாபகம் இருக்கிறது. எத்தனையோ வருஷத்துக்கு முன்னாலேயே காணாமல் போய்விட்டது, யாரோ பிடுங்கிவிட்டார்கள் என்றுதான் நினைத்திருந்தேன், மரம் முழுங்கியிருக்கிறது. ஆணியைச் சுத்தி ஒரு சாண் அகலத்துக்கு மரம் மை ஊற்றின மாதிரிக் கறுத்துக் கிடந்தது. இரும்பும் மரத்தின் துவர்ப்பும் சேர்ந்தால் அப்படி ஆகுமாம். கெட்டுப் போச்சா என்று கேட்டேன். "இதுதானுங் மாமா வேணும்" என்று அந்த இடத்தை எச்சில் தொட்டுத் தேய்த்துக் காட்டினார். சிவப்பு மரத்தில் அந்தக் கறுப்பு, சொன்னால் உனக்குப் புரியாது, போட்டோ அனுப்பச் சொல்கிறேன்.

அவர் செய்கிறது ஷெட்டானி இல்லை, பயப்படாதே. உஜமா என்று இன்னொரு வகை இருக்கிறது, குடும்பம் என்று அர்த்தமாம். தான்சானியாவின் அப்போதைய தலைவர் நியெரேரே 1967-இல் தன் திட்டத்துக்கே அந்தப் பேரைத்தான் வைத்தார். ஒரே மரத்தில் ஒட்டுப் போடாமல், ஆள் மேல் ஆளாக, ஒருத்தர் தோளில் இன்னொருத்தர் கால், ஒருத்தர் முதுகில் இன்னொருத்தர் கை என்று கீழிருந்து மேல் வரை சனமாக ஏறிக்கொண்டே போகும். நடுநடுவே வெளிச்சம் தெரிகிற மாதிரி ஓட்டை விட்டுக் குடைவார்கள். கீழ்ப்பாகம் முடிந்துவிட்டது. உங்க அப்பாரு குத்தவைத்து உட்கார்ந்திருக்கிறார், அந்தக் கறுப்பு அவர் வலது கையில் வந்திருக்கிறது, ஆணியும் அங்கேயே இருக்கிறது, எடுக்கவில்லை. முகம் அவர் மாதிரி இல்லை. மூக்கும் உதடும் அந்த ஊர் ஆட்கள் மாதிரி இருக்கிறது, அவர் கை பழகினது அப்படி. ஆனால் அந்தக் குத்தவைத்த முதுகு இருக்கிறதே, அது அப்படியே அவர்தான். உங்கம்மா பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் முந்தானையால் மரத்தூளைத் துடைத்துவிட்டு வந்தாள்.

இந்த மாதிரிச் சிலையில் ஆளுக்கு ஒரு சாமான் கையில் இருக்க வேண்டுமாம். உன் ஆத்தாவுக்குச் சோளம் புடைக்கிற முறம். எனக்குக் கவைக்கோல், வெள்வேல் காய் தட்டி ஆட்டுக்குப் போடுவேனே, அது. நான் கேட்காமலேயே வைத்துவிட்டார். உங்கம்மாவுக்குக் கன்றுக்குட்டி. உன் இடம் மேலே இருக்கிறது, குட்டிப் பயலைத் தூக்கி இடுப்பில் வைத்த மாதிரி ஒரு கை ஆகிவிட்டது. இன்னொரு கையில் என்ன கொடுக்கிறது என்று ஃபிட்டர் கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை கண்ணு. நீ காலையிலிருந்து ராத்திரி வரை அங்கே என்ன செய்கிறாய் என்று கம்ப்யூட்டரைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியாது. லேப்டாப்பைச் செதுக்கச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை, உனக்கு அதுதான் சரி என்றால் அதையே சொல்லு, செய்வார்.

ஈரச் சாக்கைப் போட்டுத்தான் மூடி வைத்திருக்கிறார். மரம் இறுகினால் வாச்சி இறங்காது என்கிறார், அடுத்த சனிக்கிழமைக்குள் சொல்லிவிடு.

அப்பா