காபா வெற்றிக்குப் பிறகு மகனுக்கு

25-01-2021

அன்புள்ள தம்பிக்கு,

இங்கு நலம். சித்தி வந்து சமைத்து வைத்துவிட்டுப் போகிறாள். நீ நேரத்துக்குச் சாப்பிடு.

பிரிஸ்பேனிலேயே இருக்கிறாய். காபா மைதானத்துக்குப் போனாயா இல்லையா என்றாவது சொல்லியிருக்கலாம். 1988-க்குப் பிறகு ஆஸ்திரேலியா அங்கே டெஸ்டில் தோற்றதே இல்லை. 328 ரன்னைத் துரத்தி ரிஷப் பந்த் கடைசி பவுண்டரியை அடித்தபோது வாய்விட்டுக் கத்திவிட்டேன். அடிலெய்டில் 36 ரன்னில் சுருண்ட நம் அணியா இது!

நடராஜனைச் சொந்த ஊர் சின்னப்பம்பட்டியில் ரதத்தில் ஏற்றி ஊர்வலம் விட்டார்கள். வலைப்பயிற்சியில் பந்து போடப் போனவன், ஒருநாள், டி20, டெஸ்ட் மூன்றிலும் ஒரே பயணத்தில் அறிமுகமாகிவிட்டான். ஐபிஎல்லில் அவன் யார்க்கர் போடும்போதெல்லாம் அம்மா கைதட்டுவாள். கான்பெராவில் அவன் இந்தியத் தொப்பி வாங்கியதைப் பார்க்க அவளுக்குக் கொடுத்துவைக்கவில்லை. நவம்பரில் பிறந்த மகளை அவன் இப்போதுதான் கையில் வாங்குகிறான்.

எனக்கு இன்னொரு பந்துவீச்சாளர் சிராஜ் நினைவாகவே இருக்கிறது. அவன் ஆஸ்திரேலியா போய்ச் சேர்ந்து, போட்டிகள் தொடங்குமுன்பே ஐதராபாத்தில் தகப்பனார் போய்விட்டார். ஆட்டோ ஓட்டி வளர்த்தவர். ஊருக்குப் போகலாம் என்று கிரிக்கெட் வாரியம் சொல்லியும் அவன் அங்கேயே இருந்துவிட்டான். இருந்து அப்பாவின் ஆசையை நிறைவேற்று என்றாராம் தாய். சிட்னியில் தேசிய கீதத்தின்போது அழுதான். காபாவில் 5 விக்கெட் எடுத்தான். திரும்பியதும் விமான நிலையத்திலிருந்து நேராகக் கல்லறைக்குத்தான் போனான். அவனை யார் குறை சொல்வார்கள்? பெற்றவரே சொல்ல மாட்டார். இங்கேயும் யாரும் யாரையும் குறை சொல்லவில்லை தம்பி. பெரியப்பா ஏதாவது பேசியிருந்தால் அதை மனதில் வைத்துக்கொள்ளாதே.

அந்தக் கடன் முழுவதையும் நீ ஒருவனாக அடைத்ததை எல்லாரிடமும் சொல்கிறேன். ஆனால் காரியம் முடிந்த பிறகு நான் எப்போது கூப்பிட்டாலும் மருமகள்தான் எடுக்கிறாள். தூங்குகிறார், வேலைக்குப் போயிருக்கிறார் என்கிறாள். அந்தப் பெண்ணை எத்தனை நாள் பொய் சொல்ல வைப்பாய்?

இரவு வேலையைக் குறைத்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு. கொரோனாவுக்காக மூடிய எல்லை திறக்கும்போது வந்தால் போதும். வீடு இங்கேதான் இருக்கிறது.

பிப்ரவரி 5 சேப்பாக்கத்தில் இங்கிலாந்துடன் டெஸ்ட். அதற்குள் நீயே போன் செய். வேறொன்றும் கேட்க மாட்டேன், கிரிக்கெட்டே பேசலாம்.

அப்பா